செவிலியர்களுக்குத் தேவை புன்னகைப் பயிற்சி அல்ல

தனியார் மருத்துவமனைகள் இப்போதெல்லாம் செவிலியர்களுக்குப் 'பணி நிறைவு' வகுப்பு எடுக்கின்றன. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், சிரித்த முகமாக இருங்கள், வேலையை நேசியுங்கள் என்கிறார்கள். சம்பளத்தைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

நான் ஆவடியை அடுத்த சேக்காட்டில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து விடியற்காலை மின்சார ரயில் பிடித்து வேலைக்குப் போகும் செவிலியர்களில் பலர், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன தலித், பிற்படுத்தப்பட்ட பெண்கள். நான் பேசிய யாரும் இந்த வேலையை வெறுப்பதாகச் சொன்னதில்லை. கல்விக் கடனின் தவணைக்கே சம்பளம் போதாததையும், நோயாளியின் உறவினர் அதட்டும்போது நிர்வாகம் வேடிக்கை பார்ப்பதையும்தான் சொல்கிறார்கள்.

இதை வெறும் தொழிலாளர் பிரச்சினையாக மட்டும் பார்க்க முடியாது. ரத்தம், மலம், சீழ், பிணம் எல்லாவற்றையும் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் இது. ஆதிக்க சாதிக் குடும்பங்கள் நீண்ட காலம் தங்கள் பெண்களைச் செவிலியர் பணிக்கு அனுப்பத் தயங்கின. மிஷன் மருத்துவமனைகள் வழியாகக் கிறித்தவப் பெண்களும், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும், கைம்பெண்களும்தான் இத்துறையை வளர்த்தார்கள். 'சிஸ்டர்' என்கிற அழைப்பில் அந்த வரலாறு ஒட்டியிருக்கிறது. மருத்துவர் செய்வது தொழில், செவிலியர் செய்வது தொண்டு என்கிறார்கள். தொண்டு என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்பதே குற்றமாகிவிடுகிறது.

1936-இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதைப் பொருளாதாரக் கேள்வியாகவே எழுப்பினார். சில தொழில்களின் மீது சமூகம் இழிவைச் சுமத்தும்போது, அதைச் செய்பவர் அதில் மனம் ஒன்ற முடியாது. தப்பிக்கவே வழி தேடுவார் என்பது அவர் வாதம். படித்த செவிலியர்கள் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் ஏன் கிளம்புகிறார்கள் என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

அரசும் விதிவிலக்கல்ல. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வைத்த தேர்வில் வென்று வந்த 7,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 26 வேலை நாட்கள் என்று வகுத்தால் நாளுக்கு 300 ரூபாய்கூட இல்லை. இரண்டாண்டில் பணி நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாததால் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். போராடிய பிறகுதான் ஊதியம் படிப்படியாக 14,000, பின்னர் 18,000 என்று உயர்ந்தது. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. முன்களப் பணியாளர் என்று கைதட்டியவர்கள் அப்போது எங்கே போனார்கள்?

உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவை அடுத்து ஒன்றிய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு செவிலியருக்கு இணையான ஊதியம் என்றது. கேரளத்தில் சங்கமாகத் திரண்டு போராடிய செவிலியர்கள் 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்க வைத்தார்கள். இங்கே அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் வேலை பார்க்கும் உங்கள் தெருச் செவிலியரிடம், அவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

படிப்பிலும் இதே ஏற்றத்தாழ்வுதான். 2020-இல் கல்லூரிகள் மூடப்பட்டபோது செவிலியர் வகுப்புகள் கைப்பேசிக்குள் புகுந்தன. ஒற்றை அறை வீட்டில், தம்பியோடு பங்குபோட்ட ஒரே கைப்பேசியில், தமிழ்வழியில் படித்து வந்த பெண் ஆங்கிலப் பாடத்தைக் கேட்க வேண்டியிருந்தது. தனி அறையும் மடிக்கணினியும் இருந்தவருக்கு அது வசதி, இல்லாதவருக்கு விலக்கல். நரம்பில் ஊசி ஏற்றுவதையும், படுத்த படுக்கையான நோயாளியைப் புரட்டிப் போடுவதையும் திரையில் பார்த்துப் பழக முடியாது.

அதற்காக இணையவழிக் கல்வியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவுப் பணி முடித்து வரும் செவிலியர், பதிவு செய்த பாடத்தைத் தனக்கு வசதியான நேரத்தில் கேட்க முடிவது பெரிய வாய்ப்பு. ஆனால் அந்தப் பாடம் தமிழிலும் கிடைக்க வேண்டும். படிக்கும் நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். ஏழை மாணவிக்குக் கருவியும் இணையமும் அரசு தர வேண்டும். நோயாளியின் அருகிலிருந்து பெறும் பயிற்சியை ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக் கூடாது.

தோழர்களே, செவிலியர் போராட்டம் நடக்கும்போது நாம் முகநூலில் ஆதரவுப் பதிவு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கையால் மலம் அள்ளும் கொடுமையை எதிர்க்கும் நாம், நோயாளியின் மலத்தைத் துடைப்பவரின் ஊதியத்தையும் சாதி ஒழிப்பின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். நிரந்தரப் பணி, சம வேலைக்குச் சம ஊதியம், தனியார் மருத்துவமனைகளில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் ஆகிய மூன்றும் கிடைக்கட்டும். பணி நிறைவைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.