கஜானா காலியா? நமக்கு மட்டும்தான் காலி!





மனு எடுத்துக்கொண்டு போகிறோம். கால் கடுக்க நிற்கிறோம். கடைசியில் வருகிற பதில் ஒன்றுதான்: "கஜானாவுல பணம் இல்லைங்க." வாய்க்கால் தூர்வாரக் கேட்டால் பணம் இல்லை. பயிர் சேதத்துக்கு நிவாரணம் கேட்டால் பணம் இல்லை. கிழவிக்குப் பென்ஷன் கேட்டால் பணம் இல்லை. வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், கோட்டு போட்ட பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து, "இலவசங்களால் நாடு கெட்டுப் போச்சு" என்று பாடம் நடத்துகிறார்கள். 2022 ஜூலையில் நாட்டின் பிரதமரே இதை 'ரேவடி' கலாச்சாரம் என்றார். ரேவடி என்றால் எள்ளு மிட்டாய். ரேஷன் அரிசியும், பம்புசெட்டு கரண்டும், விதவைப் பென்ஷனும் அவர்களுக்கு மிட்டாயாகத் தெரிகிறது!

சரி, மிட்டாயைத் தின்றது யார் என்று கணக்குப் பார்த்துவிடுவோம். கணக்கு அவர்களுடையது. கூட்டிப் பார்ப்பது மட்டும் நாம்.

ஒரே கையெழுத்தில் 1.45 லட்சம் கோடி!

2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம். இதனால் அரசுக்கு வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அரசே சொன்னது. பேரணி இல்லை, மறியல் இல்லை, தடியடி இல்லை. ஒரே கையெழுத்து!

இப்போது நம்ம கணக்கு. 2024-25 பட்ஜெட்டில் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 86 ஆயிரம் கோடி. விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாய் கொடுக்கும் பி.எம். கிசான் திட்டத்துக்கு ஒதுக்கியது 60 ஆயிரம் கோடி. ரெண்டையும் கூட்டுங்கள். 1 லட்சத்து 46 ஆயிரம் கோடி! நாடு முழுக்க உள்ள கோடிக்கணக்கான விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் சேர்த்து ஒதுக்கிய தொகையும், கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்த தொகையும் கிட்டத்தட்ட ஒன்று. நமக்குக் கொடுத்தால் மிட்டாய். அவர்களுக்குக் கொடுத்தால் 'ஊக்குவிப்பு'. பேரை மாற்றி வைத்தால் பலகாரம் மாறிவிடுமா?

கடன் கதையும் இதுதான். 2021இல் தமிழ்நாட்டில் கூட்டுறவு பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி ஆனது. பொருளாதார நிபுணர்கள் மாரடித்து அழுதார்கள். ஆனால் 2014-15 முதல் 2023-24 வரை பத்து வருஷத்தில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வராக்கடன் 16 லட்சத்து 35 ஆயிரம் கோடி. இது நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு. இதில் பெருந்தொழில்களுக்கும் பெரிய சேவை நிறுவனங்களுக்கும் சேர்ந்தது மட்டும் 9 லட்சத்து 26 ஆயிரம் கோடிக்கு மேல். நம்ம தள்ளுபடியைப் போல எழுபத்தாறு மடங்கு!

"அது தள்ளுபடி இல்லை, புத்தகத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறோம், வசூல் தொடரும்" என்பார்கள். சொல்லட்டும். அதே மரியாதையை நமக்கும் கொடுங்கள். எங்க வீட்டுப் பெண்களின் தாலிக்கொடியை அடகு வைத்த கடனையும் புத்தகத்திலிருந்து எடுத்து வையுங்கள், மெதுவாக வசூல் பண்ணுங்கள். நமக்கு மட்டும் எதற்கு ஏல நோட்டீஸ்? எதற்கு டிராக்டர் ஜப்தி?

நாம் வரி கட்டாதவர்களா?

"விவசாயிக்கு வருமான வரியே கிடையாது, அப்புறம் என்ன?" என்கிறார்கள். அய்யா, வருமானம் எங்கே இருக்கிறது வரி போட? 2018-19இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரில் வந்தது 3,798 ரூபாய்தான். பாதிக் குடும்பங்கள் கடனில்.

வருமான வரி இல்லை. ஆனால் சோப்பு வாங்கினால் வரி, செருப்பு வாங்கினால் வரி. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பூச்சிமருந்துக்கு 18 சதவீதம் தீட்டினார்கள். 2022 ஜூலையில் பாக்கெட் தயிருக்கும், 25 கிலோ வரை பை போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கும் 5 சதவீதம் போட்டார்கள். நாம் விளைவித்த அரிசியை நாமே வரி கட்டி வாங்குகிற கொடுமை!

டீசலைப் பாருங்கள். 2021 தொடக்கத்தில் ஒரு லிட்டர் டீசலுக்கு மத்திய அரசின் வரி 31 ரூபா 80 காசு. இதில் மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டிய அடிப்படை வரி வெறும் 1 ரூபா 80 காசு. மீதி முப்பது ரூபாயும் செஸ், கூடுதல் தீர்வை. செஸ்ஸிலும் கூடுதல் தீர்வையிலும் மாநிலத்துக்குப் பங்கு கிடையாது. அந்த முப்பதில் 4 ரூபாய்க்கு என்ன பேர் தெரியுமா? 'வேளாண் உள்கட்டமைப்பு' செஸ்! நம்ம பேரைச் சொல்லி, நம்ம டிராக்டரிலேயே வசூல் பண்ணி, நம்ம மாநிலத்துக்குக் காட்டாமல் எடுத்துப் போனார்கள். பிறகு 2021லும் 2022லும் வரியைக் குறைத்தார்கள். செஸ் என்கிற தந்திரத்தை மட்டும் விடவில்லை.

பெரும் பணக்காரர்களுக்கோ எல்லாக் கதவும் திறந்தே இருக்கிறது. வாரிசுச் சொத்து மீதான வரியை 1985இல் எடுத்தார்கள். செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். விளைவு? 2022-23இல் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதமும், மொத்தச் சொத்தில் 40.1 சதவீதமும் மேல்தட்டில் உள்ள நூற்றுக்கு ஒருவர் கையில் என்று உலக சமத்துவமின்மை ஆய்வகத்தின் 2024ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. நூறு பேர் உட்கார்ந்த பந்தியில் ஒருத்தர் இலையில் நாற்பது பேர் சோறு!

மாநில அரசும் தப்ப முடியாது

மத்திய அரசைக் கைகாட்டிவிட்டு மாநில ஆட்சியாளர்கள் நழுவ முடியாது. எந்தக் கட்சிக் கொடி கோட்டையில் பறந்தாலும் இதைச் சொல்வோம்.

2021இல் வெள்ளை அறிக்கை வைத்து, தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று மிரட்டினார்கள். நாமா வாங்கினோம்? கையெழுத்து போட்டது யார்? அந்தப் பணத்தில் நம்ம ஊர் வாய்க்காலுக்கு எத்தனை ரூபாய் வந்தது?

டாஸ்மாக் மூலம் 2024-25இல் மட்டும் வந்த வருமானம் 48,344 கோடி. இது யார் பணம்? பெரும்பகுதி கூலிக்காரன் சட்டைப் பையிலிருந்து போனது. ஒரு கையால் உதவித்தொகை கொடுத்து, மறு கையால் அவள் புருஷனிடம் பிடுங்கிக்கொள்வதற்குப் பெயர் சமூகப் பாதுகாப்பா?

2025 அக்டோபரில் டெல்டாவில் என்ன நடந்தது? குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடந்தது. மழை வந்தது. நெல் முளைத்தது. போதுமான குடோன் இல்லை, உலர்த்தும் மெஷின் இல்லை, லாரி வரவில்லை. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்க மாட்டோம் என்ற விதியைத் தளர்த்த டெல்லியைக் கெஞ்ச வேண்டியிருந்தது. அதற்குள் பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சு.

பென்ஷன் கதை இன்னும் மோசம். ஏழை முதியவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய் என்று 2000களின் மத்தியில் வைத்தார்கள். அப்போது டி.ஏ.பி. மூட்டை 500 ரூபாய்க்குள் வாங்கினோம். 2025இல் மூட்டை 1,350. 60 முதல் 79 வயது வரையானவருக்குப் பென்ஷன் பங்கோ அதே 200! மாநிலம் தன் பணத்தைப் போட்டு 2011இல் மொத்தம் 1,000 ஆக்கியது. அதை 1,200 ஆக்க 2023 வரை ஆனது. பன்னிரண்டு வருஷத்தில் இருநூறு ரூபாய்!

நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை

டீக்கடையில் நம்ம விவசாயிகளே பேசுகிறார்கள்: "நூறு நாள் வேலை வந்து ஆளே கிடைக்கல. ரேஷன் அரிசி போட்டு சோம்பேறி ஆக்கிட்டாங்க." உள்ளதைச் சொன்னால் கோபிக்கக் கூடாது. இந்தப் பேச்சுதான் எதிராளிக்கு நாம் கொடுக்கும் ஆயுதம்.

நூறு நாள் என்று பேர்தானே தவிர, நாடு முழுக்கச் சராசரி எடுத்தால் ஐம்பது நாள் வேலை கிடைப்பதே பாடாக இருந்தது. மீதி முந்நூறு நாளும் ஆள் ஏன் கிடைக்கவில்லை? பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் ஏன் பஸ் ஏறினார்கள்? நாம் கொடுக்கும் கூலி போதவில்லை. நம்மால் கூடக் கொடுக்க முடியவில்லை. ஏன்? நெல்லுக்கு விலை இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் கூட்டி விலை கொடு என்று 2006லேயே சொல்லிவிட்டது. நில வாடகையும் முதலுக்கு வட்டியும் சேர்த்த முழுச் செலவில் அந்தக் கணக்கைப் போட எந்த அரசும் தயாரில்லை. விலை கொடுக்காதவனை விட்டுவிட்டு, களை பறிக்கிற அம்மாவோடு நாம் சண்டை போடலாமா?

2025 டிசம்பரில் பழைய நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். 125 நாள் என்று தலைப்பு. உள்ளே பார்த்தால், முன்பு மத்திய அரசே முழுக்க ஏற்ற கூலிச் செலவில் பெரும்பாலான மாநிலங்கள் 40 சதவீதம் போட வேண்டும். ஒதுக்கிய தொகைக்கு மேல் போனால் அது முழுக்க மாநிலத்தின் தலையில். கூடவே, விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாமாம். இது விவசாயிக்கு நன்மை என்கிறார்கள். இது தூண்டிலில் குத்திய புழு! நம்ம குடும்பங்களே பயிரில் சம்பாதித்தது 3,798 ரூபாய் என்றால், கூலியில் சம்பாதித்தது 4,063 ரூபாய். அதே அரசுக் கணக்கெடுப்புதான் இதையும் சொல்கிறது. நம்ம வீட்டிலேயே விவசாயியும் கூலியாளும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம். யாரை யாருக்கு எதிராக நிறுத்தப் பார்க்கிறார்கள்?

பி.எம். கிசான் 6,000 ரூபாயும் நாளைக்கு 16 ரூபா 44 காசு. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவருக்கு அதுவும் இல்லை; பட்டா இருந்தால்தான் விவசாயியாம்!

எனவே கேட்கிறோம்

1. பெரும் பணக்காரர்கள் மீது செல்வ வரியும் வாரிசுச் சொத்து வரியும் மீண்டும் போடு! 2019இல் கம்பெனிகளுக்குக் கொடுத்த வரிச்சலுகையைத் திரும்பப் பெறு!

2. செஸ், கூடுதல் தீர்வை அனைத்திலும் மாநிலங்களுக்குப் பங்கு கொடு!

3. முதியோர் பென்ஷனில் 200 ரூபாய், விதவை பென்ஷனில் 300 ரூபாய் என்ற மத்திய அரசின் அவமானத்தை நிறுத்து! விலைவாசிக்கு ஏற்ப வருஷா வருஷம் உயர்த்து!

4. வேலை உறுதித் திட்டத்தின் கூலியை முழுக்க மத்திய அரசே ஏற்றுக்கொள்! சாகுபடிக் காலத்தைக் காரணம் காட்டி வேலையை நிறுத்தாதே!

5. குத்தகை விவசாயிக்கும் உதவித்தொகை, கடன், நிவாரணம் கொடு!

6. முழுச் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் சேர்த்து விலையைச் சட்டமாக்கு! ஒவ்வொரு பெரிய கொள்முதல் மையத்திலும் குடோனும் உலர்த்தும் மெஷினும் அமை!

உழவர் பெருமக்களே! இலவச மின்சாரம் யாரும் மனமிரங்கிக் கொடுத்த பிச்சை இல்லை. 1970 ஜூன் 19இல் பெருமாநல்லூரில் மின்கட்டணப் போராட்டத்தில் மூன்று விவசாயிகள் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். அதற்குப் பிறகும் பலர் உயிர் கொடுத்தார்கள். 2020இல் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தன. டெல்லி எல்லையில் ஒரு வருஷம் வெயிலிலும் குளிரிலும் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 2021இல் அதே அரசு அந்தச் சட்டங்களை வாபஸ் வாங்கியது. உட்கார்ந்தால் நடக்கும்!

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன்பு நாம் நடத்தவிருக்கும் காத்திருப்புப் போராட்டத்துக்கு ஊர் ஊராகத் திரண்டு வாருங்கள். நாளும் நேரமும் கிளைக் கூட்டத்தில் அறிவிக்கப்படும். வரும்போது தனியாக வராதீர்கள். உங்கள் வயலில் நடவு நட்ட அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பென்ஷன் நின்றுபோன பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாயும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வராமல் எழுந்திருக்கப் போவதில்லை.

கேட்பது மிட்டாய் அல்ல, நம்ம பங்கு!

உழவர் ஒற்றுமை ஓங்குக!
உழவரும் தொழிலாளரும் ஓரணியில் நிற்போம்!
போராடுவோம்! வெற்றி பெறுவோம்!