இரண்டு நிமிட வானம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என இரு தீவுகள் உள்ளன. அவற்றின் விமானத் தளங்களுக்கு இடையே தொலைவு சுமார் 2.7 கிலோமீட்டர். அட்டவணைப்படி பயண நேரம் இரண்டு நிமிடம். காற்று துணைநின்றபோது 53 நொடிகளில் கடந்ததும் உண்டு. 1967இல் லோகன்ஏர் நிறுவனம் தொடங்கிய சேவை இது. உலகின் மிகக் குறுகிய விமானப் பயணம் என்று இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே பலரும் எழுதுகின்றனர். கூப்பிடு தூரத்திற்கு விமானமா என்ற ஏளனமும் உடன் வருகிறது. அந்த ஏளனத்தில் நமக்கு உடன்பாடில்லை.

பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்வோர் நூறு பேருக்கும் குறைவு. ஆசிரியரும் மருத்துவரும் நோயாளிகளும் எட்டுப் பேர் அமரும் அந்தச் சிறு விமானத்தை நம்பியிருக்கிறார்கள். அது வெறும் இரு தீவுகளை மட்டும் இணைப்பதன்று. ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலுக்கும் அதுவே வழி. படகும் இருக்கிறதே எனலாம். இருக்கிறது; ஆனால் வடகடலின் குளிர்காலம் படகின் அட்டவணையை மதிப்பதில்லை. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்வீடுகள் அத்தீவில் இன்றும் நிற்கின்றன. அங்கே மனிதக் குடியிருப்பு தொடர்வதற்குப் பொதுப்பணம் செலவிடப்படுவதை வீண் என்று நாம் கருதவில்லை.

இதனோடு ஒப்பிட வேண்டியது வேறொன்று. சுவிட்சர்லாந்தின் ஆல்டன்ரைனுக்கும் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபெனுக்கும் இடையே கான்ஸ்டன்ஸ் ஏரி கிடக்கிறது. 2016இன் இறுதியில் அதன் மேலே, ஏறத்தாழ இருபது கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் கடக்கும் ஜெட் சேவை தொடங்கியது. கீழே ஏரியில் கப்பல் ஓடுகிறது. கரையைச் சுற்றிச் சாலையும் ரயிலும் உள்ளன. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கண்டித்தனர். அடுத்த ஆண்டிலேயே சேவை நின்றது. இரண்டும் குறுகிய பயணங்களே. ஒன்று தேவை, மற்றது ஆடம்பரம்.

குறுந்தொலைவு விமானங்களைக் குறைக்க வேண்டும் என்ற குரல் ஐரோப்பாவில் வலுத்துவருகிறது. அது நியாயமான குரலே. ஆனால் எந்த அளவுகோலால் குறைப்பது? பிரான்ஸ் 2023இல் நடைமுறைப்படுத்திய விதி கிலோமீட்டரை எண்ணவில்லை. இரண்டரை மணி நேரத்திற்குள் ரயிலில் சென்றுவிட முடியுமா என்று கேட்டது. பாரிஸின் ஓர்லியிலிருந்து லியோன், நான்த், போர்தோ நகரங்களுக்கான விமானங்கள் அவ்வாறே நின்றன. விதியின் எல்லை குறுகியது என்ற குறை உண்டு. எனினும் அது கேட்ட கேள்வி சரியானது.

இரு ஊர்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்பதை வரைபடம் சொல்லிவிடும். அங்கே செல்ல மாற்று வழி உண்டா, அது எல்லாப் பருவத்திலும் திறந்திருக்கிறதா என்பதை அங்கு வாழ்பவரே சொல்ல முடியும். அவர்களைக் கேட்காமல் எண்களை மட்டும் வைத்துச் சட்டம் இயற்றினால், முதலில் நிற்பது ஏரி மேல் பறக்கும் ஆடம்பரமாக இராது; தீவுக்குச் செல்லும் மருத்துவரின் விமானமாகவே இருக்கும்.