கவுன்சிலர் இல்லாத கோடை

2019 பிப்ரவரி 10 அன்று அண்ணா சாலைக்கு அடியில், டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரை ரயில் ஓடத் தொடங்கியது. 45 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை மெட்ரோவின் முதல் கட்டம் அன்றோடு முடிந்தது. நான்கே மாதத்தில் அதே ஊரின் பெண்கள் தெருமுனையில் குடங்களை வரிசையாக வைத்து, தண்ணீர் லாரிக்காக நள்ளிரவிலும் விழித்திருந்தார்கள்.

2018இன் வடகிழக்குப் பருவமழை பாதிக்கு மேல் பொய்த்திருந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து 11 டி.எம்.சி.க்கு மேல் நீர் கொள்ளும். 2019 ஜூனில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியம் தினசரி விநியோகத்தை 52.5 கோடி லிட்டராகச் சுருக்கியது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கம் வந்த முதல் தண்ணீர் ரயில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது. சுருக்கப்பட்ட அந்த விநியோகத்திலும் அது இருநூறில் ஒரு பங்குதான். ஆனாலும் அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போது பலருக்கும் ரயில்தான் நினைவுக்கு வருகிறது.

எனக்கு நினைவுக்கு வருவது வேறு. அந்தக் கோடையில் சென்னை மாநகராட்சிக்கு மேயரும் இல்லை, ஒரு கவுன்சிலரும் இல்லை. 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. 200 வார்டுகளும் ஐந்தாண்டுக்கு மேல் தனி அதிகாரியின் கையில் இருந்தன.

கவுன்சிலர் இருந்திருந்தால் மழை பெய்திருக்குமா என்று கேட்கலாம். குடிநீர் வாரியமே தனி அமைப்பு, மாநகராட்சிக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதும் உண்மை. ஆனால் பற்றாக்குறைக் காலத்தில், இருக்கிற நீரை எந்தத் தெருவுக்கு முதலில் தருவது என்பதுதான் பெரிய கேள்வி. 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட புறநகர்களில் பல பகுதிகளுக்கு அப்போதும் குழாய் இணைப்பு கிடையாது. பழைய மகாபலிபுரம் சாலையோரத்தில் வசதியுள்ள அடுக்குமாடிகள் தனியார் லாரியைப் பணம் கொடுத்து வரவழைத்தன. பணமில்லாதவர்கள் தூக்கத்தையும் அன்றைய கூலியையும் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் போய் நின்று, 'எங்க தெருவுக்கு ஏன் லாரி வரல?' என்று கேட்க அவர்களுக்கு ஒரு ஆள் இல்லை. புகார் எண்ணில் யார் எடுத்தாலும், அவர் அவர்களிடம் ஓட்டுக் கேட்டு வரப்போகிறவர் அல்ல.

அதே ஜூனில் நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்; 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் கூடுதலாக வரும் நீர் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதை அந்தந்தத் தெருவே தெரிந்துகொள்ள வழி வேண்டும். இப்போது கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். 2022 நவம்பரில், பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டங்களும் தொடங்கின. ஒவ்வொரு பிப்ரவரியிலும், கோடைக்கு முன்பே, வாரிய அதிகாரி அங்கே வந்து அந்த வார்டின் லாரி நடைகளையும் குழாய் இல்லாத தெருக்களின் பெயர்களையும் வாசிக்கட்டும்.