பொட்டு வைத்தால் போதுமா?



'கேரவன்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோவும் ஹீரோயினும் ஏறி இறங்குகிற ஏ.சி. வண்டிதானே? எனக்கு அப்படி இல்லை. திம்பம் மலைப்பாதையில் பானெட்டைத் திறந்துபோட்டு, ஆவி கக்கிக்கொண்டு நின்ற ஒரு வெள்ளை வண்டியும், அதன் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த என் மாமாவும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கதையில் குற்றவாளி யார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைக்கப் போவதில்லை. அது நான்தான்!

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரி டிரைவர், படிப்பு ஐந்தாவது. அம்மாவின் தம்பியான மாமா வேன் டிரைவர், படிப்பு எட்டாவது. நான் ஆட்டோமொபைல் டிப்ளமோவில் சேர்ந்த அன்று "எங்க மாப்ள வண்டிக்குப் படிக்கிறான்" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் மாமாதான்.

பதினைந்து வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவருக்கு ஒரு நாள் சொந்த வண்டி ஆசை வந்தது. பூர்வீக நிலத்தில் தன் பங்கை விற்றார். மீதிக்கு ஃபைனான்ஸ். கேரவனாக மாற்றிக் கட்டிய ஒரு பழைய டீசல் வேனை வாங்கினார். உள்ளே இரண்டு படுக்கை, காஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், பாத்ரூம், டி.வி. எல்லாம் இருந்தன. கோபி, பொள்ளாச்சி பக்கம் ஷூட்டிங் நடந்தால் அதற்கு வாடகை. இல்லாத நாளில் ஊட்டி, மைசூர் போகும் குடும்பங்களுக்கு வாடகை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. முதல் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மாமாவின் கண்ணில் தண்ணீர்.

அன்றைக்குத்தான் அவர் என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, நீதான் படிக்கிறவனாச்சே, ஒரு தடவை இஞ்சினைப் பாரு."

நான் அப்போது இரண்டாம் ஆண்டு. சொந்தக்காரர்கள் எல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானெட்டைத் திறந்தேன். "இது காமன் ரெயில் மாமா. 1,600 பார் பிரஷரில் டீசலைப் பீய்ச்சும்" என்று பாடம் ஒப்பித்தேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். கூலன்ட் டப்பாவில் இருந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன் நண்பர்களே! கூலிங் சிஸ்டம் பாடத்தில் எனக்கு நல்ல மார்க். ஆனாலும் அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பானெட்டை மூடிவிட்டு வடை சாப்பிடப் போய்விட்டேன்.

ஆறு மாதம் கழித்து மைசூருக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு எடுத்தது. பண்ணாரி தாண்டி மலை ஏறினால் மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. சத்தியமங்கலத்திலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். ஹெட் கேஸ்கட் போயிருந்தது. பிறகு ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் அதுவும் வளைந்திருந்தது. மெக்கானிக் ரேடியேட்டரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. வெந்நீர் காய்ச்சும் அண்டாவின் அடியில் நம் வீட்டில் படியுமே, அதே உப்பு.

காரணம் மிகச் சாதாரணம். கூலன்ட் குறையும்போதெல்லாம் மாமா போர்வெல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். கூலன்ட் என்பது கலர் தண்ணீர் இல்லை. அது கொதிநிலையை 100 டிகிரிக்கு மேலே தள்ளும், இரும்பு துருப்பிடிக்காமல் காக்கும். அதில் உப்புத் தண்ணீரைக் கலந்தால் கூலன்ட்டின் பலம் குறையும், துரு வரும், உப்பு குழாயை அடைக்கும். சமவெளியில் காற்று வேகத்தில் எப்படியோ தப்பித்துவிடும். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் மலை ஏறும்போது இஞ்சின் முழு பலத்தோடு உழைக்கிறது, ஆனால் வண்டி மெதுவாகப் போவதால் எதிர்க்காற்று இல்லை. அடைத்த ரேடியேட்டரின் குட்டு அங்கேதான் வெளிப்படும். அதிலும் கேரவன் காலியாகவே ஓடாத வண்டி. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் எப்போதும் கூடவே வரும். 200 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 200 கிலோ. மூன்று ஆட்களை இறக்காமலே சுமப்பது போலத்தான்.

இஞ்சின் வேலைக்கு ஆன பில்லைக் கட்டி முடிப்பதற்குள் தவணை மூன்று மாதம் நின்றது. ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நிலமும் போச்சு, வண்டியும் போச்சு. மாமா இன்று மறுபடியும் அடுத்தவர் வண்டியில் சம்பளத்துக்கு ஓடுகிறார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ!

'யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்தானாம்' என்று ஊரில் சொல்வார்கள். என் கட்சி இதுதான்: ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பதால் ஒருவன் வண்டிக்குச் சொந்தக்காரன் ஆகிவிடமாட்டான். பராமரிக்கிறவன்தான் சொந்தக்காரன். வருடத்தில் ஒரு நாள் பொட்டு வைப்பது பக்தி. மீதி 364 நாளும் குனிந்து பார்ப்பதுதான் உரிமை.

கேரவன் விஷயத்தில் இது இரண்டு மடங்கு உண்மை. ஏனென்றால் அது வண்டி மட்டும் இல்லை, வீடும்கூட. அதிலும் பாதி நாள் ஓடாமல் நிற்கிற வண்டி. ஓடுகிற வண்டி தேயும் என்று எல்லோருக்கும் தெரியும். நிற்கிற வண்டி கெடும் என்பது பலருக்குத் தெரியாது.

டேங்க் பாதி காலியாக நின்றால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து தண்ணீராகி டீசலுக்கு அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கொழகொழவென்று ஃபில்டரை அடைக்கும். நான் பெருமையாக ஒப்பித்தேனே 1,600 பார், அந்த இன்ஜெக்டருக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வாட்டர் செப்பரேட்டரின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திறந்து தண்ணீரை வடிக்க ஐந்து நிமிடம் போதும், காசு செலவில்லை.

டயர் பட்டனைப் பார்த்து "புதுசாட்டம் இருக்குதே" என்று ஏமாறக்கூடாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும், வெடிப்பு விடும். பேட்டரியும் அப்படித்தான். கேரவனில் ஸ்டார்ட் செய்ய ஒன்று, வீட்டு லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒன்று என இரண்டு பேட்டரி தனித்தனியாக இருக்க வேண்டும். சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் லெட் ஆசிட் பேட்டரியின் தகட்டில் சல்பேட் கட்டிப்போகும். பிறகு எத்தனை சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

இன்னொன்று, கிலோமீட்டர் முள்ளை நம்பக்கூடாது! ஷூட்டிங்கில் நாள் முழுக்க ஏ.சி.க்காக இஞ்சின் ஐட்லிங்கில் ஓடும். அன்றைக்கு வண்டி ஓடிய தூரம் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் இஞ்சின் எட்டு மணி நேரம் உழைத்திருக்கிறது, ஆயில் எட்டு மணி நேரம் கரி தின்றிருக்கிறது. "இன்னும் கிலோமீட்டர் ஆகலையே" என்று ஆயில் மாற்றாமல் விடுவது நம்மை நாமே ஏமாற்றுவது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் வேறு இருக்கிறது. புகைக்குழாய் நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரியும். மணிக்கணக்கில் ஐட்லிங்கிலேயே நின்றால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னது பணம் போகிற கதை. உயிர் போகிற கதையும் உண்டு. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரைக்குப் பக்கத்தில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பிறகு ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவனை எழுப்பாது. வண்டியின் தரையில் ஓர் ஓட்டை, புகைக்குழாயில் ஒரு விரிசல் போதும். இதை எந்தச் செக்லிஸ்ட்டில் நாம் படித்தோம்?

"அதற்குத்தான் சர்வீஸ் சென்டர் இருக்கிறதே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் விசித்திரமானது. இஞ்சினைப் பார்க்கிறவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. "அது பாடி கட்டினவன் வேலை" என்கிறார். பாடி கட்டினவர் கட்டில், அலமாரிதான் பார்ப்பார். நடுவில் இருக்கிற ஜெனரேட்டர், காஸ் டியூப், இரண்டாவது பேட்டரியின் ஒயர், தரையில் போட்ட ஓட்டை... இதெல்லாம் யாருக்கும் பிறக்காத பிள்ளை! மாற்றிக் கட்டிய வண்டி ஆர்.சி.யில் அப்படியே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் இல்லை. எஃப்.சி.க்கு வண்டி போவது எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடம் ஒரு முறை. மற்ற நாட்களில் யார் பார்ப்பது? அந்த இடம் காலியாக இருக்கிறது நண்பர்களே. மெக்கானிக்கலும் எலெக்ட்ரிக்கலும் ஒன்றாகக் கற்கும் நமக்கு அதைவிடப் பொருத்தமான வேலை எது?

ஆனால் ஒன்று. அந்த வேலைக்கு மார்க் மட்டும் போதாது. அதை என் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன். இருபது வருடமாக லாரி கேபினில் தூங்கி, ரோட்டோரம் சமைத்துச் சாப்பிட்டு வாழ்கிறவர். யாரும் அதைக் கேரவன் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வருடம் லீவில் அவரோடு ஒரு லோடு போனேன். விடியற்காலையில் எழுந்ததும் அவர் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து தரையைப் பார்த்தார். ஆயில் சொட்டு இருக்கிறதா என்று. பிறகு ஒரு கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டி, சத்தத்தைக் கேட்டார். டிப் ஸ்டிக்கை இழுத்து, ஆயிலை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். கூலன்ட் டப்பாவில் டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசியாகத்தான் டாஷ்போர்டு சாமி படத்துக்குச் சூடம் காட்டினார். மொத்தம் பத்து நிமிடம்.

"ஏங்ப்பா, தினமும் பாக்கோணுமா?" என்று கேட்டேன்.

"வண்டி ஒரு நாள்ல கெடாது சாமி. தினமும் கொஞ்சங் கொஞ்சமாச் சொல்லும். நாமதான் கேக்கோணும்" என்றார்.

மாமாவின் வண்டியும் சொன்னது. செம்மண் நிறத்தில், என் கண்ணுக்கு நேராகச் சொன்னது. வீட்டில் முதல் முதலாகப் படித்தவன் என்பதால் ஒரு குடும்பமே நம்மை நம்பி நிற்கிறது. நாம் 'எல்லாம் தெரியும்' என்ற தோரணையில் பானெட்டை மூடினால், அவர்களும் நம்பி மூடிவிடுகிறார்கள். நம் அலட்சியத்துக்கு அவர்கள் நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டுகிறார்கள்.

ஆகவே பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் லேபில் அறுத்து வைத்த இஞ்சின் இருக்கிறது, அது ஓடாது, கெடாது, பேசாது. ஓடுகிற வண்டிகளை நாம் தொட வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை லாரி ஸ்டாண்டிலும் வேன் ஸ்டாண்டிலும் இலவச வண்டி சோதனை முகாம் நடத்துவோம். கூலன்ட், ஆயில், பெல்ட், டயர் தேதி, வாட்டர் செப்பரேட்டர், புகைக்குழாய் என்று ஒரு சின்ன அட்டையில் தமிழில் எழுதி ஓட்டுநர் கையில் கொடுப்போம். அவர்களிடம் நாமும் டயர் தட்டக் கற்றுக்கொள்வோம்.

முதல் முகாமுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு வருகிற முதல் வண்டியை ஓட்டி வருவது என் மாமாதான், சொல்லிவிட்டேன். வண்டி அவருடையது இல்லை. ஆனால் இந்த முறை கூலன்ட் டப்பாவை நான் சரியாகப் பார்ப்பேன்.

பொட்டு வைப்போம், தப்பில்லை. பொட்டு வைக்கும் முன் பானெட்டைத் திறப்போம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு