பூட்டி வைக்க வேண்டாம்

ரசாயன ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் பெரம்பூர் நண்பர் போன மாதம் காலமானார். ஞாயிறு காலை லூர்து அன்னை ஆலயத்தில் பூசை. மாலையில் பேரப்பிள்ளைகளோடு மாடியில் மாதிரி ரயில். அசலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.

தண்டவாளத்தில் அழுக்குப் படிந்தால் எஞ்சினுக்கு மின்சாரம் சரியாகப் போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பேரன் துடைப்பான். அது ஏன் சட்டென்று ஆவியாகிறது என்று தாத்தா சொல்லித்தருவார். அவன் கற்ற முதல் வேதியியல் அதுதான்.

இப்போது அவர் நினைவாக ரயிலைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டலாம் என்கிறார்கள். வேண்டாம் என்பேன். அவர் அதை ஓட்டத்தான் வாங்கினார். பிள்ளைகளிடமே கொடுங்கள். உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.