செ.மீ., கன அடி, டி.எம்.சி.: மழைச் செய்தியை வயல் கணக்காக மாற்றுவது எப்படி?

கோரிமேட்டில் சந்தித்த ஒரு விவசாயி கேட்டார்: "டிவியில மழைய சென்டிமீட்டர்ல சொல்றாங்க, அணைய கன அடியில சொல்றாங்க, ஏரிய அடியில சொல்றாங்க. என் வயலுக்கு எந்தக் கணக்கு சார்?" நியாயமான கேள்வி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கணக்கு தெரிந்தவர் சில மணி நேரம் முன்னதாகவே முடிவெடுக்க முடியும். 2024 ஃபெஞ்சல் புயலை வைத்தே பார்ப்போம்.

46 செ.மீ. மழை என்றால் எவ்வளவு தண்ணீர்?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. டிசம்பர் 1 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ. மழை பதிவானது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கருக்கு அது சுமார் 4,047 லிட்டர். எனவே 46 செ.மீ. மழை ஒரு ஏக்கரில் 18.6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 155 லோடு. காணிக் கணக்கு வைத்திருப்பவர்கள் இதை 1.32-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அணையை முன்பே காலி செய்திருந்தால் வெள்ளம் வந்திருக்காதா?

டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. பாகூர் பகுதியின் ஆற்றோரக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. முன்னறிவிப்பு போதவில்லை என்று எதிர்க்கட்சிகளும், எச்சரிக்கை கொடுத்தோம் என்று தமிழக அரசும் வாதிட்டன. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள்.

கன அடி என்று செய்தியில் சொல்வது ஒரு நொடிக்கு வரும் அளவு. ஒரு கன அடி 28.3 லிட்டர். நூறு கோடி கன அடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. நொடிக்கு 1.68 லட்சம் கன அடி ஓடினால் ஒரு டி.எம்.சி. கடக்க 1 மணி 40 நிமிடம் போதும். சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7.32 டி.எம்.சி. அதாவது அணை முழுவதும் காலியாக இருந்தாலும், இந்த வேகத்தில் நீர் வந்தால் 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும்.

அணையில் முன்கூட்டியே இடம் விட்டு வைப்பது வெள்ளத்தின் உச்சத்தைக் குறைக்கும், நமக்கு நேரம் வாங்கித் தரும். ஆனால் இவ்வளவு பெரிய வெள்ளத்தை முழுதாகத் தடுக்காது. எனவே அணையை மட்டும் நம்பி ஆற்றோரத்தில் இருக்க முடியாது. 2024-இல் உங்கள் மோட்டார் கொட்டகைச் சுவரில் தண்ணீர் ஏறிய இடத்தில் பெயிண்டால் கோடு போட்டு, பக்கத்தில் "1.68 லட்சம்" என்று எழுதுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியை அந்தக் கோட்டுக்கு மேலே மாட்டுங்கள். அடுத்த முறை செய்தியில் வரும் எண் உங்கள் சுவரோடு பேசும்.

ஏரி பாதி மட்டம் இருந்தால் பாதித் தண்ணீர் இருக்கிறதா?

இல்லை. ஏரி நேர்ச்சுவர் தொட்டி அல்ல, தாம்பாளம் போன்றது. மேலே அகலம், கீழே குறுகல். கூம்பு வடிவக் குழியில் பாதி உயரத்துக்கு நீர் இருந்தால் அது எட்டில் ஒரு பங்குதான். ஏரி அவ்வளவு குறுகலாக இருக்காது. ஆனாலும் பாதி மட்டம் என்றால் பாதி நீருக்குக் குறைவுதான். அடியில் வண்டல் சேர்ந்திருந்தால் இன்னும் குறையும். ஊசுடு, பாகூர் ஏரிப் பாசன விவசாயிகள் மட்டத்தை மட்டும் பார்த்து நவரை நெல் பரப்பை முடிவு செய்ய வேண்டாம். "எத்தனை மில்லியன் கன அடி இருக்கிறது?" என்று பொதுப்பணித் துறையிடம் கேளுங்கள். நீர் குறைவென்றால் ஒரு பகுதியில் உளுந்து போடுவது பாதுகாப்பு.

வயலில் நிற்கும் நீரை இறைக்க எவ்வளவு நேரம்?

200 லிட்டர் டிரம்மை உங்கள் மோட்டார் 20 நொடியில் நிரப்பினால், மணிக்கு 36,000 லிட்டர். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. நீர் என்பது 4 லட்சம் லிட்டர். இறைக்க 11 மணி நேரம் ஆகும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால்தான் காய்கறி, உளுந்து, நிலக்கடலையின் வேர்கள் தேங்கிய நீரில் மூச்சுமுட்டுகின்றன. மழைக்கு முன்பே வடிகால் வாய்க்காலைத் தூர்வாருவது, மோட்டாரை நாள் முழுக்க ஓட்டுவதைவிட மலிவு.

கோடையில் போர் தண்ணீர் ஏன் உப்பாகிறது?

கடல்நீர் நன்னீரைவிட சுமார் 2.5 சதவீதம் கனமானது. கடலோர மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி நன்னீரை அது தாங்கும். நிலத்தடி மட்டம் ஓர் அடி இறங்கினால், உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறும். ஒருமுறை ஏறிய உப்பு எளிதில் இறங்காது.

ஆகவே வெள்ளத்தில் நம்மைப் பயமுறுத்தும் அதே மழைதான் கோடையில் நம் போரைக் காப்பாற்றுகிறது. வயலில் பயிருக்குத் தேவையானது போக மிஞ்சும் நீரைக் கடலுக்கு விடாமல், பக்கத்துக் குளத்துக்கோ பண்ணைக் குட்டைக்கோ திருப்புங்கள். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுங்கள்: வயல்நீர்க் குழாயில் நீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பின் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிட வேண்டாம்.