தீர்ப்புக்கும் ஒரு ரோல் நம்பர்

அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017-ல் வந்த புட்டசாமி தீர்ப்பை அசைன்மென்ட்டில் எப்படிக் குறிப்பிடுறீங்க? எஸ்.சி.சி. தொகுப்பில் ஒரு எண், ஏ.ஐ.ஆர். தொகுப்பில் வேறொரு எண். ரெண்டுமே தனியார் பதிப்பு. காசு கொடுத்தாத்தான் கையில் வரும்.

2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதுக்கு ஒரு வழி சொன்னது. ஆண்டு, ஐ.என்.எஸ்.சி., வரிசை எண்: நீதிமன்றமே தரும் பொது அடையாளம். பழைய தீர்ப்புகளுக்கும் உண்டு. நம்ம டேட்டாபேஸ் பாடத்துல வர்ற பிரைமரி கீ மாதிரிதான்.

புதுக்கோட்டைக்கு இது புதுசில்ல. 1929-ல் வெளியான சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுப்பின் எண்ணைச் சொன்னாலே, ஆய்வாளர்கள் இன்னிக்கும் அந்தக் கல்வெட்டைத் தேடி எடுத்துடுவாங்க.

அதனால ரிப்போர்ட்டில் இனி இந்தப் பொது எண்ணையே போடுங்க. ஏ.ஐ. சொல்ற வழக்கை இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாவே தேடலாம். அங்கே தீர்ப்பைப் பார்க்காம ஒரு வரிகூட எழுதாதீங்க.